பொய்ப்பூ

டிசம்பர் 18, வியாழன்

நல்ல பனி. இவருடைய வண்டி சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார முடிந்தது. கோலமாவு தீரப் போகிறது. சாணிக்குப் பால்காரம்மாவிடம் சொல்லியாச்சு.

காம்பவுண்டு சுவர் பூசணிக் கொடியில் இன்று ஐந்து பூ. ஐந்தும் பொய்ப்பூ. நீளக் காம்பு, அடியில் பிஞ்சு கிடையாது. மார்கழி முழுக்க அதைத்தான் பறித்துக் கோலத்துச் சாணி உருண்டையில் வைக்கிறேன். பிஞ்சோடு வருகிற பூவைத் தொடுவதில்லை. இவ்வளவு பார்த்துப் பறித்தும் ஒரு பிஞ்சு நிற்கவில்லை. மஞ்சளாகிச் சுருங்கி விழுகிறது. யார் கண் பட்டதோ. தெருவிலேயே பெரிய கண் பக்கத்து வீட்டு அமுதா அக்காவுக்குத்தான்.

கோலம் போடக் குனிந்தால் தலை சுற்றுகிறது. மூன்று மாதம் ஆகப் போகிறது.

எழுதிவிட்டேன். இதை எழுத ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு நாற்பத்தொன்று முடிந்தது. மகள் நிவேதா ப்ளஸ் டூ. இந்த லட்சணத்தில் வயிற்றில் பிள்ளை.

தெரிந்தவர்கள்: இவர், டாக்டரம்மா, கம்பெனியில் ஸ்டெல்லா. நிவேதாவுக்குத் தெரியாது. அரைப் பரீட்சை முடியட்டும் என்று இருக்கிறேன். பரீட்சை ஒரு சாக்கு, வெட்கம்தான் காரணம்.

இவருக்கு அது மருந்துக்கும் கிடையாது. கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு வந்து, வாயெல்லாம் பல்லாக நெல்லிக்காய்ப் பொட்டலத்தை நீட்டினார். “இன்னாமே மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீற? எங்கனா திருடிக்கினா வந்தோம்? நம்ம வூட்டுப் புள்ளதானே!” நெல்லிக்காய் நன்றாக இருந்தது. பொட்டலம் காலி.

டிசம்பர் 19, வெள்ளி

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வல்லம் வடகால் வரை தூக்கம்.

கம்பெனியில் இன்று ரகளை. எங்கள் டேபிளில் கார் பக்கக் கண்ணாடி செக்கிங். ஜோடி ஜோடியாக வரும். இடது கண்ணாடி எல்.எச்., வலது ஆர்.எச். பார்த்துப் பிரித்து, இது ஒரு ட்ராலி, அது ஒரு ட்ராலி. அவ்வளவுதான் வேலை. மதியம் சாப்பிட்டு வந்த மயக்கத்தில் யாரோ ஒரு ஜோடியைப் பிரிக்காமல் ஒரே ட்ராலியில் வைத்துவிட்டார்கள். ஒரு ட்ராலியில் ஒன்று அதிகம், இன்னொன்றில் ஒன்று குறைவு. மொத்தத்தையும் கொட்டி எண்ணச் சொன்னான் சூப்பர்வைசர்.

நான் குனியாமல் இருக்க, என் பங்கையும் ஸ்டெல்லாவே எண்ணினாள். மண்ணூர்க்காரி. என் கூட எட்டு வருஷம். எண்ணிக்கொண்டே காதோரம் சொன்னாள்: “இன்னாத்துக்குக்கா இவ்ளோ பயப்படற? என் மாமியாரு கடைசிப் புள்ள பெத்த வருசந்தான் அவங்க மூத்த மருமவளுக்கும் பொறந்துச்சு. ஒரே தொட்டில்ல மாத்தி மாத்திப் போட்டாங்களாம்.”

சிரித்ததில் எண்ணிக்கை விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து.

வாங்க: ரவை, காவி, நி-க்குப் பேனா இரண்டு.

டிசம்பர் 21, ஞாயிறு

நாளை நிவேதாவுக்கு உயிரியல் பரீட்சை. நான் அரைக்கீரை ஆய்கிறேன், அவள் முறுக்கு கடித்துக்கொண்டு சத்தமாகப் படிக்கிறாள். இனப்பெருக்கப் பாடத்தை மிஸ் வகுப்பில் நடத்தவே இல்லையாம். ‘வீட்ல படிச்சுக்கோங்க’ என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார்களாம். அந்த மிஸ்ஸும் என் ஜாதிதான் போல, வெட்கப்படுகிற ஜாதி.

“குன்றல் பகுப்பு” என்று நாலு தரம் படித்தாள்.

“அப்படின்னா இன்னாடி?”

“நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் நாப்பத்தாறு குரோமோசோம் மா. இருபத்து மூணு ஜோடி. முட்டை உருவாவுறப்போ ஜோடிக்கு ஒண்ணுதான் போவும். பாதியா குறைஞ்சிடும், அதான் குன்றல். அப்பாகிட்டேர்ந்தும் அதே மாதிரி பாதி. ரெண்டு பாதியும் சேர்ந்தா திரும்ப நாப்பத்தாறு.”

“எல்.எச். ஒரு ட்ராலி, ஆர்.எச். ஒரு ட்ராலி.”

“ஐயோ, அது கண்ணாடிமா!” சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். “சரி, அப்டியே வச்சுக்கோ. ஆனா ஒரே ட்ராலிக்கு எல்லாம் லெஃப்ட்டாவே போவாது. ஜோடியில ஒண்ணு உங்க அம்மா குடுத்தது, ஒண்ணு உங்க அப்பா குடுத்தது. எது எந்தப் பக்கம் போவும்னு யாருக்கும் தெரியாது. சீட்டு குலுக்கிப் போடற மாதிரி. போதாததுக்கு, பிரியறதுக்கு முன்னாடி ரெண்டும் ஒட்டிக்கினு துண்டு துண்டா மாத்திக்கும். அதான் நான் உன்ன மாதிரியும் இல்ல, அப்பா மாதிரியும் இல்ல. அழகா கீறேன்.”

வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை. மூக்கு அப்படியே அவள் அப்பா, அது அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ட்ராலி ஞாபகம் வந்து, சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். “ஒரு ஜோடி பிரியாமலே போச்சுன்னா?”

“ரெண்டும் ஒரே முட்டைக்குப் போயிடும். ஒண்ணு எக்ஸ்ட்ரா. பொறக்கற குழந்தைக்கு வளர்ச்சி வேற மாதிரி இருக்கும், இதயத்துல கூட பிரச்சினை வரலாம். அம்மாவுக்கு நாப்பது தாண்டிட்டா சான்ஸ் ஜாஸ்தி.”

“ஏன்?”

“முட்டை பழசுமா. நீ உங்க அம்மா வயித்துல இருந்தப்பவே உன் முட்டை எல்லாம் பிரிய ஆரம்பிச்சு, பாதியில நின்னுடுச்சு. அப்படியே வருஷக்கணக்கா காத்துக்கினு இருக்கும். நான் கூட அப்பவே உள்ள கீறேன். உங்க அம்மாவுக்குள்ள நீ, உனக்குள்ள நான்.” அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

தண்டோடு கீரையையும் சேர்த்துக் குப்பையில் போட்டிருக்கிறேன். பிறகு பொறுக்கி எடுத்தேன்.

அப்படியானால் இப்போது உள்ளே இருப்பதும் நாற்பத்தொரு வருஷமாக என்னோடு வந்திருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போனபோது, கல்யாணத்தில் நின்றபோது, நிவேதாவைப் பெற்றபோது எல்லாம் கூடவே. அதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. உடனேயே பயமும் வருகிறது. எப்படி வந்தாலும் என் பிள்ளைதான், அதில் மாற்றமில்லை. நாளைக்கு ஸ்கேன்.

டிசம்பர் 22, திங்கள்

அரை நாள் லீவு. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி. ஏ.சி. குளிர். காத்திருந்தவர்களில் நான்தான் மூத்தவள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பாவம், “பொண்ணுக்கு டெலிவரியாம்மா?” என்றது. ஆமாம் என்று தலையாட்டித் தொலைத்தேன். இவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். பெயரைக் கூப்பிட்டு நான் எழுந்தபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

திரையில் ஒரு விரல் நீளம். கையை ஆட்டியது. கம்பெனி பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுவது போலவே இருந்தது என்று இவர் சொல்கிறார். இதுவரை அளவெல்லாம் சரி. ரத்தமும் எடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்து அடுத்த திங்கள் சொல்வார்களாம்.

தேங்காய் பன் சாப்பிட்டோம். இரண்டு.

நிவேதா பரீட்சை நன்றாக எழுதினாளாம். “குன்றல் பகுப்பு அஞ்சு மார்க்குமா! உன் ட்ராலிய நெனச்சுக்கினே எழுதிட்டேன்.” பிள்ளை படித்துப் பாஸாகிறது, அம்மா நான் மனம் குன்றி நிற்கிறேன். நல்ல பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 24, புதன்

பரீட்சை முடிந்துவிட்டது. இனி சாக்கும் இல்லை.

விடிகிற நேரம். கொடியில் ஏழு பொய்ப்பூ, பிஞ்சோடு ஒன்று. ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டிருந்தேன். நிவேதா போர்வையைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

“அம்மா, தினம் இதையேவா பறிக்கிற? எல்லாத்தையுமா?”

“பொய்ப்பூதானேடி. காய்க்காது. கொடியில இருந்தா தெண்டம்.”

தலையில் அடித்துக்கொண்டாள். “அது ஆண் பூமா! அதுல கீற மகரந்தம் போனாத்தான் இது காய்க்கும். ஒண்ணு விடாம பொறுக்கிட்டா பிஞ்சு எப்படி நிக்கும்? கண்ணு பட்டுச்சு கண்ணு பட்டுச்சுன்னு அமுதா ஆன்ட்டிய திட்டிக்கினு இருந்த!”

என் கையிலிருந்து ஒன்றை வாங்கி, அதன் நடுவை அந்தப் பிஞ்சுப் பூவுக்குள் வைத்துத் தேய்த்தாள். மஞ்சள் தூள் ஒட்டியது. “இப்போ கொண்டுபோய் கோலத்துல வை. வேல முடிஞ்சுது.”

ஒரு மார்கழி, இரண்டு மார்கழி இல்லை, கல்யாணமாகி வந்ததிலிருந்து பறிக்கிறேன். காய்க்காத கொடி என்று மூன்று வருஷம் முன்பு ஒன்றைப் பிடுங்கியே எறிந்தேன். பெயரிலேயே பொய் என்று இருந்ததால் யோசிக்கவே இல்லை.

அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. “நிவே, எனக்கு மூணு மாசம்.”

முதலில் புரியவில்லை. புரிந்ததும் போர்வையை இழுத்துக் கழுத்தோடு சுற்றிக்கொண்டாள். “என் ஃப்ரெண்ட்ஸ் கிட்ட இன்னான்னு சொல்லுவேன்?” உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் சத்தம்.

இவர், “விடு, கொஞ்ச நேரத்துல வந்துடுவா” என்கிறார். வரவில்லை. இட்லி அப்படியே இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

டிசம்பர் 25, வியாழன்

மண்ணூரில் ஸ்டெல்லா வீட்டில் சாப்பாடு. நிவேதா வரவில்லை. ஸ்டெல்லாவுக்குப் பிரியாணியில் உப்புக் கூட, கேக்கில் நல்ல கைப்பக்குவம். அவள் மாமியாரைப் பார்த்தேன். ஒரே தொட்டில்காரி. என்னைப் பார்த்ததும், “வாம்மா நம்ம கட்சி” என்றார். அரை நாள் கவலை இல்லாமல் போனது.

திரும்பி வந்தால் வீடு பெருக்கி, பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. கழுவினவள் சோபாவில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கேக் டப்பாவை அவள் பக்கத்தில் வைத்தேன்.

திரும்பாமலே கேட்டாள். “அன்னைக்கு, பிரியாம போச்சுன்னான்னு கேட்டியே. அதுக்குத்தானா?”

“ஆமா.”

“நான் பாட்டுக்கு முறுக்கு தின்னுக்கினே சொல்லிட்டேன். சொல்லியிருந்தா அப்டி சொல்லியிருப்பேனாமா?”

தலையைத் தடவினேன். தட்டிவிடவில்லை.

“ரிசல்ட்டு எப்போ?”

“திங்கள்.”

“நானும் வரேன்.” டப்பாவைத் திறந்து பெரிய துண்டை அவளே எடுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 29, திங்கள்

மூன்று பேரும் போனோம். ஒரு வண்டி, அதனால் ஷேர் ஆட்டோ.

காகிதம் முதலில் நிவேதா கைக்குப் போனது. மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் படித்தாள். இவர் என் கையைப் பிடித்திருந்தார். வியர்த்திருந்தது அவர் கையா என் கையா தெரியவில்லை. அவள் டாக்டரம்மாவிடம், “லோ ரிஸ்க்னா நல்லதுதானே மேடம்?” என்றாள்.

“நல்லதுதான். இது சான்ஸ் எவ்வளவுன்னு சொல்ற டெஸ்ட், முடிவான பதில் இல்ல. ஆனா பயப்படற மாதிரி எதுவும் தெரியல. அஞ்சாவது மாசம் இன்னொரு ஸ்கேன் பார்ப்போம்.”

வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நிவேதா தண்ணீர் பாட்டிலை நீட்டி, “பிரிச்சிட்டம்மா, சரியா பிரிச்சிட்ட” என்றாள். இவர் ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எதைப் பிரித்தோம் என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். சொல்லவில்லை.

24-ஆம் தேதிப் பிஞ்சு விழவில்லை. எலுமிச்சம்பழ அளவு. பச்சை.

பாக்கி பயம் ஒன்றே ஒன்று. தெரு. நைட்டிக்கு மேல் துண்டு போட்டே எத்தனை நாள் ஓட்டுவது? அமுதா அக்காவுக்குத் தெரிந்தால் எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கம் முழுக்கத் தெரிந்த மாதிரி.

ஜனவரி 2, வெள்ளி

பனி குறைவு. இரண்டு நாளாகக் கோலம் நிவேதா பொறுப்பு. புள்ளி நேராக வரவில்லை. அது அவள் பாடு. பூ அவளே பார்த்து எடுக்கிறாள். முதலில் பிஞ்சுப் பூவில் தேய்ப்பு, பிறகுதான் கோலத்துக்கு. கொடியில் எப்போதும் இரண்டு மூன்று ஆண் பூ விட்டு வைக்க வேண்டும், இது அவள் சட்டம். இப்போது மூன்று பிஞ்சு நிற்கிறது. முதலாவது என் கைப்பிடி அளவு.

காலையில் பால் அடுப்பில். ஜன்னல் வழியாக அமுதா அக்கா குரல் கேட்டது.

“இன்னாடி நிவேதா, ரெண்டு நாளா நீ கோலம் போடற? உங்கம்மாக்கு இன்னா ஒடம்புக்கு?”

கரண்டியோடு ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன்.

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. அம்மா மாசமா கீறாங்க. குனிய முடியல, அதான் நான் போடறேன்.”

எதிர் வீட்டில் வாளி வைக்கிற சத்தம் நின்றது. பால்காரம்மாவின் சைக்கிளும் நின்றது. அமுதா அக்கா குரல் இன்னும் கிட்டே வந்தது. “இந்த வயசுலயா?”

“ஆமா ஆன்ட்டி. ஜூலைல.” கோலமாவு டப்பாவைத் தட்டுகிற சத்தம். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புள்ளிய மிதிக்கிறீங்க.”

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைக்கணும்.