மலைக்கு அப்பால் விழுந்த மின்னல்

மே 4, ஞாயிறு

கத்திரி தொடக்கம். பகலெல்லாம் புழுக்கம். ஐந்து மணிக்கு மேல் கிழக்கே கருமேகம். மாவு அரைத்து வழித்து வைத்துவிட்டு மாடிக்குக் கேமராவும் ஸ்டாண்டும்.

6.50 முதல் 7.35 வரை. படத்துக்கு இருபது நொடி ஷட்டர் திறந்தே. அதற்குள் எது மின்னினாலும் விழுந்துவிடும். இடையில் ஒரு நொடி மட்டும். மொத்தம் 128 படம்.

தேறியவை:
14: மலை முகட்டின் மேல் இரண்டு கிளை. ஒளிக்கும் இடிக்கும் நடுவே 38 நொடி எண்ணினேன். மலைக்கு அந்தப் பக்கம், பதின்மூன்று கி.மீ. இருக்கும்.
41: மேகத்துக்குள்ளேயே. வெளிச்சம் மட்டும்.
97: ஒற்றைக் கோடு. அழகு. இடி கேட்கவே இல்லை, அவ்வளவு தூரம்.

நம் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை.

எரிச்சல்: இவருடைய அண்ணனின் கடலைக்கொல்லை வரப்பில் எவனோ டார்ச்சோடு. 60-லிருந்து படத்துக்குப் படம் மஞ்சள் கிறுக்கல். கீழே வந்து புலம்பினேன். "எவனாவது எலி புடிக்கப் போயிருப்பான், வுடு" என்றார் இவர். 14-ஐ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டார். "நம்ம ஊர் மின்னல்!" அண்ணன்காரரிடமிருந்து உடனே கைதட்டும் பொம்மை நாலு.

மே 5, திங்கள்

மாதையன் போய்விட்டார். காலையில் அண்ணன்காரர் கொல்லையில் கிடந்தாராம். திரும்பி வராத ஆட்டைத் தேடி நேற்று பொழுது சாய்ந்ததும் போனவர். இடி தாக்கியது என்கிறார்கள். எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கட்டியவர் அவர்தான். மனைவி சின்னப்பொண்ணு, ஒரே பெண், எட்டாம் வகுப்பு.

பால் வாங்கும் இடத்தில்:

"சும்மா போறவன் மேல உழுமா? என்னா பண்ணானோ."

"நெலத்து கேசுல பொய்சாட்சி சொன்னான்னு பேச்சு இருந்துதே. அதான் இடி தேடி வந்துது."

சிரித்தார்கள்கூட. நான் பால் தூக்கைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் வாய் திறக்கவில்லை? அந்த நேரம் முழுக்க வானத்தையே பார்த்திருந்தவள் நான் ஒருத்திதானே.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் எல்லாப் படத்தையும் வரிசையாகப் பார்த்தேன். 60-ல் மஞ்சள் கோடு தொடங்குகிறது. 61, 62, வரப்போடு நகர்கிறது. 65-ல் வரப்பை விட்டுக் கொல்லைக்குள். 67-ல் பாதியில் நிற்கிறது. மணி 7.13. 68-லிருந்து கோடு இல்லை, புள்ளி. அதே இடத்தில். 128 வரை அதே புள்ளி.

66, 67, 68. மூன்றிலும் வானம் கருப்பு. மின்னலே இல்லை.

இருபத்திரண்டு நிமிஷம் அவர் அரை கி.மீ. தூரத்தில் விழுந்து கிடந்திருக்கிறார். நான் தொட்டியில் சாய்ந்துகொண்டு அழகான கோட்டுக்குக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை அண்ணன்காரர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தபடி சொன்னது: "கரண்டு கம்பி இழுத்துட்டன்டா. இனி ஒரு பன்னி உள்ள வராது."

சாப்பிடவில்லை.

மே 6, செவ்வாய்

விடிந்ததும் கொல்லைக்குப் போனேன். கம்பி இல்லை. ஆனால் வரப்போரம் பத்தடிக்கு ஒரு ஓட்டை, முளைக்குச்சி பிடுங்கிய ஓட்டை. புதிதாகப் பிடுங்கியவை, அடிமண்ணின் ஈரம்கூட இன்னும் காயவில்லை. படம் எடுத்தேன்.

இவரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். பிறகு:

"அழிச்சுடு."

"என்னங்க சொல்றீங்க?"

"கம்பிய நீ பாத்தியா? தொட்டத பாத்தியா? இருட்டுல ஒரு டார்ச்சு லைட்டு. அத வெச்சு எங்கண்ணன ஜெயிலுக்கு அனுப்புவியா?"

"மாதையனுக்கு என்ன பதில்?"

"செத்தவன் கேக்க மாட்டான். இருக்கறவன் கேப்பான்."

இருபது வருஷமாக இந்த மனுஷன் நிதானமானவர் என்று நானே எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். நிதானம் இல்லை அது. எதையும் தொடாமல் ஒதுங்குவது. எனக்கும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் இன்னும் ஆத்திரம்.

அழிக்கவில்லை. மூன்று இடத்தில் நகல். ஒன்று அரிசி டப்பாவில்.

மாமியாருக்கு மாத்திரை வாங்க வேண்டும். கேஸ் புக் செய்ய வேண்டும்.

மே 8, வியாழன்

கடத்தூர். நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் நல்ல கூட்டம். பதினொரு மணிக்கு அண்ணன்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. வரிசையில் நிற்காமல் நேராக என் மேஜைக்கு.

"ஏம்மா, நம்ம மின்னல் படத்த கலர்ல ஒண்ணு எடுத்துக் குடு. பெரிய சைசுல."

"எதுக்கு மாமா?"

"மனுவோட வெக்கணும். இடி தாக்கி செத்தா அரசாங்கம் பணம் குடுக்குதுல்ல? பாவம், சின்னப்பொண்ணுக்கு நாலு காசு வரட்டும்னு நானே எழுதிக் குடுத்துட்டன்."

மனுவைக் காட்டினார். சின்னப்பொண்ணின் கைநாட்டு. மை காயும் முன்னே கலைந்திருந்தது.

என் படம். நான் 38 வரை எண்ணி எடுத்த படம். அதை வைத்து மூடப் பார்க்கிறார்.

"மாமா, அந்த மின்னல் மலைக்கு அந்தாண்ட விழுந்துது."

"ஃபோட்டோல நம்ம கொல்ல மேலதான தெரியுது?"

"தெரியும். ஆனா விழுந்தது அங்க இல்ல."

"தெரியுதில்ல? அது போதும்." குனிந்து மெதுவாக: "தம்பி எல்லாம் சொன்னான். வூட்டு விசயம் வூட்டோட இருக்கட்டும்மா."

பிரிண்டரில் மை இல்லை என்றேன். மை இருந்தது. நாற்பத்தாறு வயதில் எனக்கு வாய்த்த வீரம் அவ்வளவுதான். அவர் போன பிறகு யாருடையதோ ரேஷன் கார்டில் பெயரைத் தப்பாக அடித்தேன்.

இவர் போய்ச் சொல்லியிருக்கிறார். எல்லாம்.

மே 9, வெள்ளி

வாரிசு சான்றிதழுக்கு மனுப் போடச் சின்னப்பொண்ணு வந்தாள். கூட்டம் குறையட்டும் என்று உட்கார வைத்து, பின்னால் கூட்டிப்போய்ப் படங்களைக் காட்டினேன். 60, 61, 62. கோடு நகர்வதை விரலால் தொடர்ந்தாள். 67-ல் விரல் நின்றது. அழவில்லை.

"அக்கா, அவரு கெண்டக்காலு கருகி இருந்துது. இடி தலையிலதான உழும்? காலையா தேடிப் புடிக்கும்? அன்னிக்கே கேட்டன். சும்மா இருன்னுட்டாங்க."

கேட்டே ஆக வேண்டும் என்று கேட்டேன். முடிவு என்னுடையது இல்லை. "இடின்னா பணம் சீக்கிரம் வரும். கம்பின்னா கேசு. வருசக்கணக்கா அலையணும். பணம் வராமலும் போகலாம். யோசிச்சு சொல்லு."

"எம் பொண்ண கொழாயடியில கேக்கறாளுங்க, உங்கப்பன் என்னா பாவம் பண்ணான்னு. ஸ்கூலுக்குப் போமாட்டேங்குது. அவரு பாவம் பண்ணலன்னு அந்தப் பணம் வந்து சொல்லுமா?"

"அப்ப?"

"டேசனுக்கு நீங்க வருவீங்களா, மாட்டீங்களா? அத சொல்லுங்க மொதல்ல."

வருகிறேன் என்றேன்.

இரவு இவரிடம் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "போனா திரும்ப இந்த வூட்டுக்கு வராத." இட்லியை எடுத்து மூடி வைத்தேன். பழக்கம். பிறகு அந்த மூடியைத் தரையில் அடித்தேன், நெளிந்துவிட்டது.

மே 10, சனி

காவல் நிலையம். இதைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தரைக்கு வந்தோம். பிரிண்டுகள் 60 முதல் 75 வரை, முளைக்குச்சி ஓட்டைகள், ஒரு பென்டிரைவ்.

எழுத்தர் இளவயது. படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மின்னலே இல்லியே மேடம்?"

"அதக் காட்டத்தான் வந்தோம்."

புகாரைப் படித்தார். "செத்தவருக்கு நீங்க என்ன வேணும்?"

"ஒறவு ஒண்ணும் இல்லீங்க. கொல்லைக்காரருக்குத் தம்பி சம்சாரம்."

பேனாவை மூடிவிட்டார். "வூட்ல ஒரு தடவ பேசிட்டு வாங்களேன். குடும்பத்துக்குள்ள எதுக்கு?"

"பேசியாச்சு. எழுதுங்க."

"ஐயா வரட்டும்."

11.40. ஐயா வரவில்லை. போனில் இவர், ஆறு தடவை. அண்ணன்காரர் இரண்டு. மகன் பெங்களூரிலிருந்து ஒரு தடவை: "அம்மா, என்னம்மா பண்ற?" பிறகு பேசுகிறேன் என்று வைத்தேன்.

12.50. வெளியே அண்ணன்காரர் பைக். உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்று எங்களையே பார்க்கிறார். சின்னப்பொண்ணு முந்தானையை இழுத்துவிட்டு வாசலுக்கு நேராக நகர்ந்து உட்கார்ந்தாள். "பாக்கட்டும். நல்லா பாக்கட்டும்."

1.15. ஐயா வந்தார். படங்களை வாங்கி உள்ளே கொண்டுபோனார். கதவு சாத்தியிருக்கிறது. இங்கிருந்து எங்கே போவது என்று தெரியவில்லை. அதற்காக எழுந்து போவதாக இல்லை.

1.40. எழுத்தர் வெளியே வந்தார். புது ரெஜிஸ்டர். சின்னப்பொண்ணைக் கூப்பிடுகிறார். இறந்தவர் பேர், தகப்பனார் பேர் கேட்கிறார்.