கொக்கியும் புள்ளியும் இடிக்காத பக்கங்கள்

சின்ன காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுகாசினிக்கு,

அப்பா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர அம்மா நலம், சர்க்கரையைத் தவிர நான் நலம். அங்கே ஜெர்மனியில் எதைத் தவிர நீ நலம் என்பதை மறைக்காமல் எழுது.

மணிக்கட்டு, காணிக்கை, தணிக்கை என்று நீ கேட்ட சொற்களை இருபது இருபது முறை எழுதி அனுப்பினேன். எல்லா எழுத்தும் பிரேயரில் நிற்பதுபோல விறைப்பாக இருக்கிறது, யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பில்லாமல் எழுதியது வேண்டும் என்று சொல்லிவிட்டாய். இருபத்தாறு வருஷம் தமிழாசிரியராகக் கரும்பலகையில் எழுதியவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு உன் சிக்கலை யோசித்துப் பார்த்தேன். பக்கத்து எழுத்தைப் பார்த்துத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் கணினி எழுத்துரு செய்கிறாய், அதில் ‘ணி’யின் தலையில் வளையும் கொக்கி அடுத்து வரும் ‘க்’கின் புள்ளியில் போய் இடிக்கிறது, மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் உன் இரண்டு வருஷ உழைப்பை எழுத்துரு வெளியிடும் அந்த நிறுவனம் எடுத்துக்கொள்ளாது. அப்படி யாருக்காகவும் அழகு பார்க்காமல் நான் எழுதியவை என் மனுக்களின் நகல்கள்தான். பணிமூப்பில் எனக்கு நான்கு இடம் பின்னால் இருந்த மாணிக்கவாசகத்தைத் தலைமையாசிரியராக்கியதை எதிர்த்து ஒன்பது வருஷமாக எழுதிய மனுக்கள். வெளியே கொடுக்க மனமில்லை. அம்மாதான், ஒம்போது வருஷமா அந்த மனுக் கட்டத் தூக்கிக்கினு அலையிறீங்க, பொண்ணுக்காவது ஒதவட்டுமே என்றாள்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ‘ணி’யும் ‘க்’கும் சேரும் அவன் பெயர் நூற்றுப் பதினாறு இடத்தில் வருகிறது. நிறுத்தி எழுதிய முதல் மனுவில் கொக்கியும் புள்ளியும் இடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. மூன்றாவது மனுவில், வேகம் வந்தபின், கொக்கி குட்டையாகிவிட்டது, புள்ளியும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து கீழே இறங்கிவிட்டது. அதே வரியில் ‘பணிமூப்பு’ என்ற சொல்லில், பக்கத்தில் புள்ளி இல்லாததால், கொக்கி தாராளமாக நீண்டு வளைகிறது. நான் நினைத்துச் செய்ததில்லை. அந்த ஆளுக்கு எந்த இடத்திலும் வழிவிடாதவன் நான், என் கை அவன் பெயருக்குள்ளேயே இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது. எப்போது கற்றுக்கொண்டது என்று தெரியவில்லை. கணினிக்கு இதை எப்படிச் சொல்வாய்? கொக்கிக்கு இரண்டு உருவம் வைத்தால் போதுமா, புள்ளிக்கும் வேண்டுமா? முதலில் யார் நகர்வது? விளக்கமாக எழுது, எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காந்தி ரோட்டுக் கடையில் ஸ்கேன் செய்து கொடுத்த பெண் சிம்ரன், யாரு சார் இந்த மாணிக்கவாசகம், பக்கத்துக்குப் பக்கம் வந்துக்கினே இருக்காரு, உங்க சம்பந்தியா என்று கேட்டாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாப் பக்கமும் உனக்கு மெயிலில் வந்திருக்கும்.

வேலை வேலை என்று ரொட்டியைத் தின்றுகொண்டு கிடக்காதே, ஒரு வேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு. பெருமாள் உனக்குத் துணையிருப்பார், எடுத்த காரியம் நல்லபடி முடியும்.

எழுத்துருவின் மாதிரித் தாளில் அந்தக் கொக்கியைக் காட்ட ஒரு பெயர் வேண்டும் என்று கேட்டிருந்தாய். நம் வீட்டுப் பெயர், உறவுக்காரர் பெயர் எல்லாம் எழுதிப் பார்த்தேன், ஒன்றிலும் ‘ணிக்’ வரவில்லை. அவன் பெயரையே போட்டுக்கொள். என் பெயரையும் போடுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் மறக்காதே, அவனுக்கு மேல் வரியில் போடு.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா
பூவராகவன்