பதினொரு மில்லிமீட்டர்

தை மாதக் கடைசியில், அரியலூரில் ஒரு கண் மருத்துவமனையில் என் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். உள்ளங்கை அகலம். ஓரங்கள் நைந்திருந்தன, அடியில் ஏதோ மருந்துக் கம்பெனியின் விளம்பரம். தமிழில் நாலைந்து வாக்கியங்கள். மேலே பெரிய எழுத்து, கீழே வர வரச் சிறியது.

"எதுவரைக்கும் தெரியுதோ அதுவரைக்கும் படிங்க ஐயா," என்றாள் பரிசோதிக்கும் பெண்.

"கிணற்றில் நீர் தெளிவாக இருக்கிறது." தெரிந்தது. "கமலா இரண்டு குடம் இறைத்தாள்." அதுவும் தெரிந்தது. மூன்றாவது வரி கசங்கியது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் எனக்கு எறும்பு வரிசைதான். ஆனால் வாய் நிற்கவில்லை. "பக்கத்து வீட்டு நாய் இன்று குரைக்கவில்லை. மாலையில் மழை வரும் என்று தபால்காரர் சொல்லிவிட்டுப் போனார்."

"கடைசி வரியே படிச்சிட்டீங்களே. இந்த வயசுக்கு நல்ல பார்வைங்க," என்று அவள் தாளில் குறித்துக்கொண்டாள்.

நான் படிக்கவில்லை. உன் குரலில் கேட்டதைத் திருப்பிச் சொன்னேன். பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய நீ முணுமுணுத்த வரிகள் அவை. ஒருமுறை நான் கிண்டல் செய்தேன்: "எந்தத் தபால்காரன்டா மாப்ள அவன்?" நீ திரும்பாமலே சொன்னாய்: "எல்லா ஊருக்கும் வர்றவன்தான். லெட்டரத் தொலைப்பான், மழைய மட்டும் கரெக்டா சொல்லுவான்." சிரித்தோம். ஏதோ பழைய பள்ளிப் பாடம் என்று நினைத்து விட்டுவிட்டேன். பத்திரிகைக்காரனாக முப்பத்திரண்டு வருடம் கேள்வி கேட்டே பிழைத்தவன், அன்று அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "இத யாராச்சும் மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்களாம்மா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்குங்க? கண்ணு தெரியலன்னு சொல்லத்தானே எல்லாரும் இங்க வர்றாங்க."

கண் தெரிகிறது என்று காட்டியே ஆக வேண்டியிருந்த ஒருவனை எனக்குத் தெரியும்: நீ.

உன் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. "அணு கம்பெனியில இருக்கான்" என்பார்கள். நீ இருந்தது திருச்சியில் ஓர் ஆய்வுக் கம்பெனியில். ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் தகட்டின் தடிமன் பார்க்கும் வேலையில் தொடங்கி, பிறகு அந்தக் கம்பெனிக்குப் போனாய். அணுமின் நிலையத்தை நிறுத்திப் பராமரிக்கும் வாரங்களில் உன்னைக் கூப்பிடுவார்கள். கொதிநீர் பெரும் அழுத்தத்தில் ஓடும் குழாய்கள், வால்வுகள், கலன்கள். அவற்றைப் பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "குறையில்லை" என்று கையெழுத்துப் போடுபவன் நீ. டை டெஸ்ட் என்கிற சாயச் சோதனையை எனக்கு ஒரு டீக்கடை பெஞ்சில் விளக்கினாய். இணைப்பைத் துடைத்துவிட்டுச் சிவப்புச் சாயம் அடிப்பது; கொஞ்ச நேரம் விட்டுச் சாயத்தைத் துடைப்பது; மேலே வெள்ளைப் பொடி தெளிப்பது. விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் ஊறி வெளியே வரும். வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு. மயிர் போல இருக்கும் என்றாய்.

"விரிசலுக்கு அவசரமே கெடையாது மாப்ள. வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் போவும். அவசரம் நமக்குத்தான்."

அதனால்தான் உன் வேலைக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனை கட்டாயம். கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். கண்ணாடி போட்டும் கடைசி வரி தெரியாவிட்டால், இணைப்பைப் பார்க்க அனுப்ப மாட்டார்கள். இதுவும் நீ சொன்னதுதான், பெருமையாக.

இன்னொன்றும் சொல்லியிருக்கிறாய். உலோகத்துக்குள் ஒலி அனுப்பிப் பார்க்கும் கருவியைக் காலையில் ஓர் எஃகுக் கட்டையில் வைத்துச் சரிபார்ப்பீர்கள். எந்த ஆழத்தில் எத்தனை துளை என்று முன்பே தெரிந்த கட்டை. வேலை முடிந்ததும் அதே கட்டையில் மறுபடி வைக்க வேண்டும். ஒருநாள் மாலை கருவி கொஞ்சம் விலகிக் காட்டியது. அன்று பார்த்த பதினான்கு இணைப்புகளும் செல்லாது என்று எழுதிவிட்டாய். மேலாளர் கத்தினார்.

"யோவ், துளியூண்டு விலகலுக்கு எல்லாத்தையும் திரும்பப் பாக்கணுமாய்யா? மத்தியானம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"மத்தியானம் வரைக்கும் நல்லா இருந்துச்சுன்னு யார் சார் பாத்தா? காலையில நல்லா இருந்துச்சு, இப்ப இல்ல. நடுவுல எப்பக் கெட்டுச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

பதினான்கையும் மறுபடி பார்த்தாய். ஒன்றிலும் குறையில்லை. அதைச் சொல்லும்போது உனக்கு வருத்தமே இல்லை. அந்த மனிதனும், பஸ்ஸில் அட்டையை மனப்பாடம் செய்த மனிதனும் ஒருவன்தான் என்பதை என்னால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

ஒன்பது நாள் சும்மா இருந்தேன். உன் இடத்தில் வேறொருவன் என்றால் அன்று மாலையே நாலு பேரிடம் விசாரித்திருப்பேன். நீ என்பதால் ஒன்பது நாள். பத்தாம் நாள் பஸ் ஏறி, வேப்பந்தட்டை தாண்டி உன் ஊருக்குப் போனேன். நீ இறந்தபிறகு அதுதான் மூன்றாவது முறை. உன் மனைவி மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் விளக்கவில்லை. அந்தக் கடைசி வரியை மட்டும் சொன்னேன்.

அவள் கை நின்றது.

"இத எங்கண்ணே கேட்டீங்க?"

"கண்ணாஸ்பத்திரியில, தங்கச்சி."

உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எனக்கென்று கொண்டுவந்ததை அவளே குடித்தாள். பிறகு சொன்னாள்.

"சக்கரை கண்ணுல எறங்கிடுச்சுண்ணே. ரெண்டு கண்ணுலயும் உள்ள நீர் கோத்துக்கிச்சாம். கண்ணாடி மாத்தினா ஆவாதுன்னுட்டாங்க. திருச்சியில ஊசி போட்டுக்கிட்டு இருந்தாங்க. கம்பெனி டெஸ்ட்டுல குடுக்கறதும் அதே அட்டதானாம், அங்கதான் ஒண்ணு வாங்கியாந்தாங்க. சாயங்காலம் ஆனா என் கையில குடுத்துட்டு ஒப்பிப்பாங்க. நான் திருத்துவேன், பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குத் திருத்தற மாரி."

"எதுக்குன்னு கேக்கலியா?"

"கேக்காம இருப்பனா? ஊசி வேல செய்யுது, நாலு மாசத்துல சரியாப் பூடும், அதுவரைக்கும்தான்னாங்க. அந்த நாலு மாசம் மூணு வருசம் ஆச்சு."

"விட்டுட்டு வந்திருக்கலாமே."

"வயசுப் பசங்க ரெண்டு பேரு புதுசா வந்திருக்கானுவ, ஒருத்தனுக்கும் பொறும இல்ல, அவனுவ கையில எப்புடி உட்டுட்டு வரதுன்னு சொன்னாங்க. பாதிக் கண்ணுல நான் பாக்கறத அவனுவ முழுக்கண்ணுல பாக்க மாட்டானுவன்னு."

பொய்யைவிட இந்த வாக்கியம்தான் என்னை அதிகம் உலுக்கியது. நீ இதை நம்பியிருப்பாய்.

கம்பெனிக்கும் நிலையத்துக்கும் எழுத வேண்டும் என்றேன். அவள் முகம் இறுகியது.

"செத்தவங்கள ஏண்ணே இழுக்கணும்? ரிட்டயர் ஆவறப்ப சால்வ போட்டு அனுப்பி வச்சாங்க. சுவத்துல மாட்டி வச்சிருக்கேன், பாருங்க."

படத்தைப் பார்த்தேன். சால்வையோடு நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கேமரா உனக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. நான் வற்புறுத்தவில்லை. அவள் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வேன் என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். விடை கிடைக்கவில்லை என்று சொன்னால் அது உண்மையல்ல. கிடைத்தது. எழுதியிருப்பேன். அவள் வீட்டுப் படியை மறுபடி மிதித்திருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளே போன் செய்தாள்.

"பதினாலு ஜாயிண்ட்டத் திரும்பப் பாத்த கத, உங்ககிட்டயும் சொல்லியிருக்காங்கல்ல?"

"சொல்லியிருக்கான்."

"ராவெல்லாம் அதான் ஓடுச்சு. எழுதுங்கண்ணே. நான் கையெழுத்துப் போடறேன். அட்டையப் புடிச்சது நான்தானே. ஆனா பேப்பர்ல அவங்க பேரு வரக் கூடாது."

அதனால்தான் உன் பெயரும் அவள் பெயரும் அந்த நிலையத்தின் பெயரும் இதில் இல்லை. அவள் போட்ட எல்லைக்குள்தான் எழுதுகிறேன்.

கடிதம் மூன்றே வரி. ஆனால் அதற்கு ஒரு தேதி வேண்டியிருந்தது. எந்த நாள்வரை உன் கண் நன்றாக இருந்தது? அட்டை வந்தது கடைசி மூன்று வருடம். அதற்கு முன்பே கெட்டிருந்தால்? மறுபடி உன் ஊருக்குப் போய், கிட்டப் பார்வை வேண்டிய வேலை எதையாவது நீ வீட்டில் செய்ததுண்டா என்று கேட்டேன்.

"முள்ளு எடுப்பாங்கண்ணே," என்றாள்.

அது எனக்குத் தெரியாது. நாற்பது வருடப் பழக்கத்தில் தெரியாது. கொல்லையில் காலில் கருவேல முள் ஏறினால் தெருவே உன்னிடம்தான் வருமாம். ஊசியைத் தீயில் காட்டி, முனை ஒடிந்து புதைந்ததைக்கூட எடுத்துவிடுவாயாம். எப்போது நிறுத்தினாய் என்பது அவளுக்கு நினைவில்லை. மக்காச்சோளம் போடுகிற எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"மறக்குமா? காலத் தூக்கி வச்சா, ரெண்டு தரம் குத்திப் பாத்துட்டு, போயி டாக்டர்கிட்டக் காட்டுன்னுட்டான். ஏம்ப்பா, காலையிலயே தண்ணி போட்டுட்டியான்னு கேட்டேன். கோவம் வந்துடுச்சு அவனுக்கு. அப்பறம் காலு பானை மாரி வீங்கி, பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில நாலு நாள் கெடந்தேன். சீட்டு இருக்கு, இன்சூரன்சுக்கு ஆவும்னு வச்சிருக்கேன்."

சீட்டைக் கொண்டுவந்தார். தேதியைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அவள் அட்டையைப் பிடித்த முதல் மாலைக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம் முந்தியது அது. அப்படியானால் நடுவில் ஒரு கண் பரிசோதனை வந்திருக்கிறது. அதில் எப்படித் தேறினாய் என்று எனக்குத் தெரியாது. உன் மனைவிக்கும் தெரியாது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தனக்குச் சொன்னதும் முழுசாக இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

சீட்டின் தேதி போதாது. அன்று கெட்டிருந்தது என்றுதான் அது சொல்கிறது. அதற்கு முன் நீ சரியாக முள் எடுத்த கடைசி ஆள் யார் என்று தெருவில் விசாரித்து, இன்னும் ஐந்து மாதம் பின்னுக்குப் போனோம். அந்த மாதத்திலிருந்து நீ கண்ணால் பார்த்துக் கையெழுத்திட்ட எதையும் நம்ப வேண்டாம், மறுபடி பாருங்கள் என்று எழுதினேன். அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு பிரதிகளும் பதிவுத் தபாலில் போயின.

ஆனி மாதத்தில் நிலையத்தை நிறுத்தியிருக்கிறார்கள். போன வாரம் எனக்கு ஒரு போன். கடிதத்தில் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். இளம்பெண் குரல், உன் கம்பெனிதான்.

"லெட்டர்ல சொன்ன மாசத்துலேர்ந்து அவர் கையெழுத்துப் போட்ட எல்லாத்தையும் பாத்துட்டோம் சார். அவங்க வீட்டுக்குச் சொல்லணும்னு தோணுச்சு. ஒண்ணே ஒண்ணுல மட்டும் கோடு வந்துச்சு. பதினொரு மில்லிமீட்டர். அறுத்து எடுத்துட்டுப் புதுசாப் பத்தவச்சாச்சு. பயப்பட ஒண்ணுமில்ல, சார்."

"அவன் பாத்தப்பவே இருந்துச்சாம்மா?"

"சொல்ல முடியாதுங்க. அப்பறமாவும் வந்திருக்கலாம்."

"அப்பவே இருந்திருந்தா?"

"தெரியாமப் போற சைஸ் இல்லீங்க சார்."

போனில் சொல்லக் கூடியதல்ல என்று உன் ஊருக்குப் போனேன். போகும் முன் ஸ்கேலை விரல்களில் வைத்துப் பார்த்தேன். மோதிர விரல் நகத்தின் அகலம் சரியாகப் பதினொன்று.

உன் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பதினொரு மில்லின்னா எவ்வளவுண்ணே?" என்றாள்.

விரலை நீட்டினேன். அவள் மிகச் சிறிய ஒன்றை எதிர்பார்த்திருந்தாள் என்று நினைக்கிறேன். கிட்டே குனிந்து பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இவ்ளோ பெருசா? இது எனக்கே தெரிஞ்சிருக்குமேண்ணே."

மயிர் போல மெல்லியது, நீளம்தான் இவ்வளவு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் சொன்னதில் தவறில்லை. அட்டையைப் பிடித்துக்கொண்டு மூன்று வருடம் உனக்கெதிரே உட்கார்ந்திருந்தவளின் கண்ணில் பட்டிருக்கும். கடைசி வரியைப் படிக்க முடியாத என் கண்ணிலும்கூட ஒருவேளை பட்டிருக்கும். உனக்குத் தெரியவில்லை, அல்லது அப்போது அது அங்கே இல்லை. இரண்டில் எது என்று சொல்லக் கூடியவன் நீ ஒருவன்தான். உன்னாலும் சொல்லியிருக்க முடியாது.

அன்றிலிருந்து விரலை மடக்கியே வைத்திருக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. தட்டச்சு செய்கிறவனுக்கு அது வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் அந்த நகம் எழுத்துகளின் மேல் இறங்குகிறது, எழுகிறது. பார்க்காமல் இருக்க முடியவில்லை.