அப்பா கழுவும் தொட்டி

என்னங்க,

காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தேன், சத்தமே இல்லை. நேற்று தும்மிக்கொண்டிருந்த கோழிகளெல்லாம் கும்பல் கும்பலாகச் செத்துக் கிடந்தன. உடனே ஆள் அனுப்பினேன்.

கால்நடை டாக்டரம்மா வந்து ஒன்றை அறுத்துப் பார்த்தார். "முதல்ல வைரஸ் வந்திருக்கு. அது புண்ணாக்கின மூச்சுக்குழாய்ல பாக்டீரியாவும் புகுந்திருக்கு. தடுப்பு மருந்து கொடுத்தீங்கதானே?"

குடிதண்ணீரில் கலந்து கொடுத்தோம் என்றேன்.

"தொட்டியில குளோரின் இருந்துச்சா? அந்தத் தடுப்பு மருந்துல இருக்கிறது உயிருள்ள கிருமி, குளோரின் அதையே கொன்னுடும்மா!"

குளோரின் போட்டது உங்கள் அப்பா. மருந்து கலக்கும் தண்ணீராயிற்றே, சுத்தமாக இருக்கட்டும் என்று அன்றைக்கு ஒரு பங்கு கூடுதலாகவே போட்டார்.

இப்போதும் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "சுத்தம் பத்தலையோம்மா?" என்கிறார். டாக்டரம்மா குளோரினைப் பற்றிச் சொன்னதை அவரிடம் மறைத்துவிட்டேன். அவர் உங்களிடம் கேட்டால், நோய் காற்றில் வந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்களவள்