மூன்று குட்டியா, ஐந்து குட்டியா

புதன், அக். 8

காலையிலேயே புழுக்கம். கடல் பக்கம் மேகம், மழை இல்லை. ஜன்னல் விளிம்பில் வழக்கம்போல் கரித்தூள். நேற்றுத்தான் துடைத்தது. துணியை எத்தனை அலசினாலும் தண்ணீர் கறுப்பு.

சமையலறைக் கூரை வேலை இன்று தொடக்கம் என்று ஏற்பாடு. பழைய சிமெண்ட் ஷீட்டைக் கழற்றிவிட்டுக் கலர் ஷீட். பச்சை வேண்டாம், நீலம் வேண்டாம், செங்கல் நிறம். ஷீட் போடும் குமார் காலை டிபன் வேளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு உலை வைக்கும்போது வந்தான். கேட்டால், "ட்ரெயினு லேட்டும்மா." அவன் வருவது பைக்கில்.

ஏணி போட்டு ஏறியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ம்மா, மேல ஒரு குடும்பமே கீது."

பரணில், பழைய மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள் பூனைக்குட்டிகள். நம் சாம்பல் வரிப் பூனைதான். வயிறு பெருத்திருந்தது, பிறகு இளைத்தது. எங்கே போட்டது என்று தேடிக்கொண்டிருந்தேன். நாற்காலி மேல் ஏறக்கூடாது என்பது என் மகன் சீலன் போட்ட சட்டம். ஏணியைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஏறிப் பார்த்தேன். மூன்று. இரண்டு சாம்பல், ஒன்றுக்கு மட்டும் வெள்ளைக் கால்.

"இப்ப கை வெச்சா பாவம்மா. ரெண்டு நாளு வுடுங்க, அதுவே தூக்கினு பூடும். ஏழு ஊடு மாத்தும் இல்ல?"

சொல்லிவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பினான். வேறு எங்கோ வேலை ஒத்துக்கொண்டிருப்பான். தீபாவளிக்கு முன் முடிந்தாக வேண்டும், பெருமழை பிடித்தால் அடுப்பில்தான் ஒழுகும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

பூனைக்குப் பெயர் சுப்பீரியர். எங்கள் கான்வென்ட் மதர் சுப்பீரியர் மாடிப்படி உச்சியில் நின்று பார்ப்பதுபோலவே மதில் மேலிருந்து என்னைப் பார்க்கும். ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொள்வேன்.

மாலை சீலன் ஃபோன், திருநின்றவூரிலிருந்து. அவன் ஃப்ளாட்டுக்கு நேர் கீழே ஒரு வீடு காலியாகிறதாம். தரைத்தளம், படி ஏற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே போய்விட வேண்டும்.

"கோவப்படாதீங்கம்மா. நீங்க கொஞ்சம் மறக்கறீங்க."

யார் மறக்கவில்லை? இவன் என் பிறந்தநாளை மறந்தான். பால் அடிப்பிடித்துப் பாத்திரம் கருகியது ஒரே ஒரு தடவை. அன்று வாசலில் ஆள் வந்ததால்.

பதில் சொல்லாமல், பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது என்றேன்.

"எந்தப் பூனை?" என்று கேட்டான். எந்தப் பூனையாம்!

வாங்க: நெத்திலி, சோடா உப்பு, ஏணிக் காலுக்குக் கட்ட ரப்பர்.

வியாழன், அக். 9

தூறல். துணி உள்ளே.

புதிதாக வரும் தேவகி பாத்திரம் துலக்குவது பரவாயில்லை. விளிம்பில் மட்டும் சோப்பு நிற்கிறது. காட்டினேன். "கம்பெனி பஸ்ஸு போய்டும்மா" என்று ஓடினாள். தொழிற்பேட்டையில் பாக்கிங் வேலை அவளுக்கு. பூனையென்றால் பயம். பரண் பக்கம் திரும்பாமலே சமையலறையில் வேலை செய்கிறாள், கழுத்து சுளுக்கியவள் மாதிரி.

அவள் போனபின் ஏணி. குட்டிகள் ஐந்து.

இரண்டு சாம்பல், வெள்ளைக் கால் ஒன்று, செம்பட்டை இரண்டு. செம்பட்டைகள் கொஞ்சம் பெரியவைபோல் தெரிந்தன. நேற்று அடியில் கிடந்ததோ? அவ்வளவு சிறிய பெட்டியில் இரண்டு செம்பட்டை என் கண்ணில் படாமலா? கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் எண்ணினேன். ஐந்து.

குமாருக்கு ஃபோன் செய்தேன். நேற்று எத்தனை பார்த்தாய்?

"எண்ணலியேம்மா. மூணோ நாலோ. இன்னாத்துக்கு?"

பிரயோசனமில்லை. மகனிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

"நேத்து மூணுன்னீங்களே."

இன்று ஐந்து, என்றேன். அந்தப் பக்கம் மருமகள் மெர்சி கேட்பது காதில் விழுந்தது, "என்னவாம்?" இவன், "ஒண்ணுமில்ல, பூனை."

அந்த 'ஒண்ணுமில்ல' எனக்குப் பிடிக்கவில்லை. நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று சொல்லும் குரல்.

சாம்பாரில் உப்பு இருந்தது. ஒரு தடவைதான் போட்டேன்.

வெள்ளி, அக். 10

விடிந்ததிலிருந்து மழை. ஷீட்டில் அதே பழைய இடத்தில் ஒழுக்கு. கீழே பக்கெட்.

தேவகியை வற்புறுத்தி ஏணியில் ஏற்றினேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு படி ஏறி எட்டிப் பார்த்தாள்.

"மூணுதாம்மா கீது."

நன்றாகப் பார். செம்பட்டை?

"செம்பட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க எண்ணாதீங்கம்மா. எண்ணினா தாய்க்காரி தூக்கினு பூடும்."

நான் ஏறினேன். மூன்றுதான்.

"கடுவன் பூனை தின்னுட்டு இருக்குமோ இன்னாவோ" என்று கீழேயிருந்து ஆறுதல் சொன்னாள். ரத்தம் இல்லை, ஒரு முடிகூட இல்லை. செம்பட்டை நிறம் எனக்கு எங்கிருந்து வந்தது? கனவா? நான் பகலில் தூங்குவதில்லை.

மீன்காரி வந்தாள். நெத்திலி கொண்டுவரவில்லை, சங்கராதான். மழையில் நின்றுகொண்டே, "இன்னா ரோஸிம்மா, கண்ணு குழி வுழுந்து கீது? புள்ள இட்டுகினு போறானாமே?" யார் சொன்னது என்றேன். "ஊரே சொல்லுது. போவுறதுக்கு முன்னாடி அந்தப் பெரிய சட்டியக் குடுத்துட்டுப் போம்மா, எனுக்கு ஆவும்." சட்டி கொடுப்பதற்கில்லை, நான் எங்கும் போவதாக இல்லை என்றேன். தராசைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

மதியம் பின்வாசல் படியில் சுப்பீரியர். தொப்பலாக நனைந்து, வால் கயிறுபோல. பால் வைத்தேன். குடித்தது. துடைக்கப் பழைய துண்டை எடுக்க உள்ளே வந்தால், பரணில் சுப்பீரியர். குட்டிகளோடு படுத்திருக்கிறது. ஏறித் தொட்டேன். காய்ந்த உடம்பு, அடுப்படிச் சூடு. பின்வாசலுக்கு வந்தால் கிண்ணம் காலி, பூனை இல்லை.

உட்கார்ந்தேன்.

பதின்மூன்றாம் வாய்ப்பாடு, முழுவதும் சொல்லிப் பார்த்தேன். கான்வென்ட் சிஸ்டர்கள் பெயர், வகுப்பு வரிசைப்படி. பூசையில் சொல்லும் நம்பிக்கை அறிக்கை தமிழிலும் இங்கிலீஷிலும். கல்யாணத்தில் எனக்குப் போட்ட நகைகள். ஒன்றிலும் தடங்கல் இல்லை. ஆனால் பூனை நனைந்திருந்தது. பூனை நனையவுமில்லை.

அவர் இருந்தால் கேட்டிருப்பேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். அதுவும் உதவியிருக்காது.

சனி, அக். 11

மழை விட்டது. பக்கெட்டைக் கவிழ்த்தேன்.

சந்தேகம் என்றால் பரீட்சைதான் வழி. வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் குச்சியில் தொட்டு, பரணில் படுத்திருந்த சுப்பீரியரின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். என்னைப் பார்த்த பார்வை! பள்ளியாக இருந்தால் வெளியே முட்டி போட வைத்திருக்கும்.

மாலை மதில் மேல் சுப்பீரியர். நெற்றியில் ஒன்றுமில்லை.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். காது மடல், வரி, வால் நுனி எல்லாம் அதேதான். நீலம் மட்டும் இல்லை. நக்கிவிட்டதா? நெற்றியை எப்படி நக்கும்? காலை எச்சிலாக்கித் தேய்த்திருக்கலாம். ஆனால் நீலம் அவ்வளவு லேசில் போகாது. அப்படியென்றால் நான் பொட்டு வைக்கவேயில்லையா?

என் விரலைப் பார்த்தேன். நீலம். புடவையிலும் ஒரு சொட்டு, நல்ல புடவை. வைத்தது உண்மை. ஏறிப் பெட்டியைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பயம் என்று எழுதப் பிடிக்கவில்லை. இருட்டிவிட்டது என்று எழுதிக்கொள்கிறேன்.

நாளை ஞாயிறு. அவனுக்குப் பதில்.

என்னால் இங்கே தனியாக இருக்க முடியும் என்று அவனிடம் சொல்ல என் தலை சரியாக இருக்க வேண்டும். ஒரு பூனையை எண்ணத் தெரியாதவள் எப்படிச் சொல்வது? அங்கே போனால் பால்கனிக்கு எதிரே இன்னொரு பால்கனி. மெர்சி நல்ல பெண். என் கேஸ் அடுப்பை அவள் அணைப்பாள். தினமும் இரண்டு தடவை வந்து பார்ப்பாள். எதற்கு என்று இருவருக்கும் தெரிந்திருக்கும்.

ஞாயிறு, அக். 12

வெயில். முதல் பூசைக்கு ஷேர் ஆட்டோவில் போய் வந்தேன். பிரசங்கம் நீளம், விஷயம் குறைவு.

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏணி.

பெட்டியில் சுப்பீரியர், நெற்றியில் நீலம். அதன் வயிற்றில் தலையை வைத்துக்கொண்டு இன்னொரு சுப்பீரியர், நீலம் இல்லாமல். நடுவில் ஐந்து குட்டிகளும். எது எதனிடம் குடிக்கிறது என்று சொல்ல முடியாது. வெள்ளைக் காலும் செம்பட்டையும் ஒரே முலைக்குச் சண்டை.

ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சத்தம் போட்டுத் தேவகியைக் கூப்பிட்டேன், சாட்சிக்கு. ஞாயிறு அவளுக்குக் கம்பெனி இல்லை, அவசரமில்லாமல் பின்னால் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் சோப்போடு ஓடிவந்தாள்.

"ஐயோ, ரெண்டு! அச்சு அசலா ரெண்டு! ஒண்ணுக்கு யாரும்மா பொட்டு வெச்சது?"

நான்தான்.

"சுமங்கலி பூசையா?" என்று அவளும் சிரித்தாள். பூனைப் பயம் எங்கே போனதோ.

எல்லாம் சரியாகிவிட்டது. நனைந்தது ஒன்று, காய்ந்தது ஒன்று. மூன்று ஒருத்திக்கு, இரண்டு மற்றவளுக்கு. அவள் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்திருக்கிறாள். நான் பார்த்தது அத்தனையும் சரி. எண்ணியது அத்தனையும் சரி.

உடனே சீலனுக்கு ஃபோன். பதிலைத் தயாராக வைத்திருந்தேன். முதலில் பூனை விஷயம், பிறகு, நான் வரவில்லை என்பது. பூனை இரண்டு, தெரியுமா உனக்கு, என்று ஆரம்பித்தேன்.

அவன் மெதுவாக, "ரெண்டுதாம்மா. போன மாசம் வந்தப்ப நான்தானே காட்டினேன். படியில உக்காந்து ரெண்டுக்கும் நெத்திலி போட்டீங்க."

இல்லை, என்றேன்.

"ஃபோட்டோகூட எடுத்தேனே."

இல்லை சீலா.

"இன்னொண்ணுக்கும் பேர் வெச்சீங்கம்மா."

என்ன பெயர்?

"வேணாம், விடுங்க."

சொல்.

"அசிஸ்டெண்ட் சுப்பீரியர்னீங்க. மெர்சி சிரிச்சு சிரிச்சு அவளுக்குப் பொரையே ஏறிடுச்சு."

அது என் பேச்சு. அவனுக்கு வராது. மெர்சிக்கும் வராது. இந்த உலகத்தில் அந்தப் பெயரை ஒரு பூனைக்கு வைக்கக்கூடியவள் நான் ஒருத்திதான்.

ஃபோட்டோ அனுப்பினான். பின்வாசல் படி, கிளிப்பச்சைப் புடவை, இரண்டு பக்கமும் இரண்டு பூனை. வாயைத் திறந்து சிரிக்கிறேன். பல் செட்டின் கம்பிகூடத் தெரிகிறது. புடவை அலமாரியில் இருக்கிறது, போய்ப் பார்த்தேன். மடிப்பில் மீன் வாசனை இருக்கிறதா என்று முகர்ந்தேன். துவைத்திருக்கிறேன்.

எத்தனை பார்த்தாலும் அந்த மத்தியானம் வரவில்லை. மற்றதெல்லாம் இருக்கிறது. கன்னியாஸ்திரிகள் பெயர் இருக்கிறது. அது மட்டும் இல்லை.

பதில் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

திங்கள், அக். 13

பளிச்சென்று வெயில். பரண் காலி. பெட்டியில் முடியும் கதகதப்பும் மட்டும். இரவோடு இரவாக ஐந்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீடு முழுக்கத் தேடினேன், பின்னால் விறகுக் கொட்டகை வரை. எங்கே என்று தெரியவில்லை.

காபி. பிறகு சீலனுக்கு நானே ஃபோன்.

டாக்டரிடம் நாள் வாங்கு, நரம்பு டாக்டரிடம், என்றேன். நீ வந்து கூட்டிக்கொண்டு போ. என் முன்னாலேயே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல், மறைக்க வேண்டாம். பாலும் சொல், படமும் காட்டு.

"சரிம்மா." அப்புறம், "கீழ் வீடு?"

அது இப்போது வேண்டாம்.

"வேற யாருக்காவது குடுத்துருவாங்கம்மா."

கொடுக்கட்டும். டாக்டர் சொன்ன பிறகு வீட்டைப் பற்றிப் பேசலாம். அதுவரை இங்கேதான். கூரை வேலை பாதியில் கிடக்கிறது.

"வேல இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா" என்றான். இதைச் சொல்லும்போது அவன் குரல் பழையபடி இருந்தது. கொஞ்சம் கேலி. நன்றாக இருந்தது.

குமார் இன்று நேரத்துக்கு வந்தான். ஸ்க்ரூவுக்கு ரப்பர் வாஷர் கொண்டுவந்திருக்கிறானா என்று பிரித்துப் பார்த்தேன். கொண்டுவந்திருக்கிறான். இரண்டு சிமெண்ட் ஷீட்டைக் கழற்றியதும் சமையலறையில் வானம். தேவகி அதன் கீழேயே உட்கார்ந்து பாத்திரம் துலக்கினாள், "ஏசி போட்டா மாதிரி கீது" என்று.

மேலேயிருந்து குமார் கத்தினான்.

"ம்மா! இந்த ஓரத்துல சந்து அடைச்சிரட்டா, பூனைக்கு வழி வுடட்டா?"

விடு.

"எம்மாம் பெருசு? ஒரு பூனைக்கா, ஊரு பூனைக்கெல்லாம் சத்திரமா? எத்தினி கீது உங்களுக்கு?"

இரண்டு என்றேன். சொல்லிவிட்டுத் தேவகியின் முகத்தைப் பார்த்தேன்.