எமிலுக்கு நான் எழுதாத கடிதம்

அன்பு மகள் கஜந்திக்கு,

மெல்பேணில நீயும் மருமகனும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேணுமெண்டு அம்மனை மன்றாடுறன். இஞ்ச ஜேர்மனியில, ஹம் நகரத்தில நாங்கள் சுகம், என்ர மணிக்கட்டுத்தான் குளிருக்குக் குத்துது, எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள். உன்ர கொப்பா ரெலிபோனில உனக்கு எல்லாம் சொல்லிப்போட்டாராம், அந்தப் பொலிஸ்காரப் பெடியனுக்காக அம்மாவை ஒரு கடிதம் குடுக்கச் சொல்லி நீயும் அழுதனியாம். அதுக்குத்தான் இந்தப் பதில்.

நீ நடந்ததை முழுசாய் அறியாய். போன வருசம் மார்கழியில, முதியோர் இல்லத்தில காலமை வேலை முடிச்சு வரேக்க அந்த ஊர் ரெயில் ஸ்டேசன் வாசலில ரெண்டு பொலிஸ் மறிச்சினம். ஏன் என்னை மட்டும் மறிக்கிறியள் எண்டு கேட்டன், அவ்வளவுதான். தோளில நாலு வெள்ளி நட்சத்திரம் வைச்ச பெரியவன் கையைப் பின்னால முறுக்கிச் சுவரோட அடிச்சான், எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டது. ஒற்றை நட்சத்திரத்தோட பக்கத்தில நிண்டவன்தான் இந்த எமில். உருண்ட சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துத் தந்தவன், முகத்தைப் பார்க்கேல்லை. பிறகு நான்தான் அடிச்சதெண்டு அறிக்கை எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சினம். ஐம்பத்தெட்டு வயசில என்னில வழக்கு! இல்லத்தில மூண்டு மாசம் வேலைக்கு வரவேண்டாம் எண்டினம், தமிழ்ச் சங்கத்தில சனம் என்னைக் கண்டால் கதையை மாத்தும். கடைசியில முன்னால இருந்த பாண்கடைக் கமராதான் என்னைக் காப்பாத்தினது. எங்கட வக்கீல் சாருலதா, அந்தக் கொலோன் நகரத்துப் பிள்ளை, ரெண்டு பேரிலையும் ஒழுக்காற்று விசாரணை கேட்டு முறைப்பாடு எழுதினா. அப்பதான் எமில் வாய் திறந்தான், பெரியவன் சொல்லித்தான் கையெழுத்து வைச்சனான் எண்டான். அவன் சொல்லாட்டில் பெரியவன் தப்பியிருப்பான், அதை நான் மறுக்கேல்லை.

இப்ப முடிவு வருகுது. பெரியவன் நிரந்தர உத்தியோகக்காரன், கோட்டு வழக்கில அவனுக்குக் கிடைச்சது ஒரு வருசத்துக்குக் குறைஞ்ச தண்டனை எண்டபடியால் வேலை தானாய்ப் போகாதாம். ஒரு படி இறக்கி மேசை வேலைக்கு விட்டிருக்கினம், ரெண்டு வருசத்தில பென்சனோட போவான். எமில் இன்னும் தகுதிகாண் காலத்தில நிக்கிறவன், அவனை லேசாய் வீட்டுக்கு அனுப்பலாம். கையை உடைச்சவனுக்குக் கதிரை, பார்த்துக்கொண்டு நிண்டவனுக்கு வாசல். முறைப்பாடு குடுத்த எனக்கு இதில மேல்முறையீடு செய்ய உரிமையில்லையாம். ஆனால் எமிலை வைச்சிருக்கச் சொல்லி நான் எழுதிக் குடுத்தால் யோசிப்பினமாம்.

போன கிழமை அவன் வீட்டை வந்தான். கொப்பா கூப்பிட்டு இருத்திப்போட்டார், நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். இருபத்தாறு வயசு, பயந்துபோனன் எண்டு சொல்லி அழுதான். எனக்குத் தெரிஞ்சதுதான், எண்டாலும் வாய் திறந்தது கமராப் படம் வர முன்னமோ பிறகோ எண்டு கேட்டன். படம் வந்த பிறகுதான் எண்டான். குடிச்சு முடியமட்டும் விட்டு, எழுத மாட்டன் எண்டு சொன்னன். அவன் படியிறங்கிப் போக எனக்கு நெஞ்சு குளிர்ந்தது பிள்ளை, உனக்குப் பொய் சொல்லேலாது. பெரியவன் எனக்கு எட்டமாட்டான், எட்டினவன் இவன் ஒருத்தன்தான். கொப்பா அண்டையில இருந்து என்னோட கதைக்கிறேல்லை, தானே சமைக்கிறார், உப்புப் போட மறந்து அதையும் சாப்பிடுறார். நீயும் மன்னிப்பு, புண்ணியம் எண்டு சொல்லிக்கொண்டு வராதை. இல்லத்தில கிழவியளைத் தூக்கேக்க இந்தக் கை விட்டுப்போகுது, போன மாசம் ஒரு மனுசியைக் கிட்டத்தட்ட விழுத்திப்போட்டன். அதுக்கு ஆர் கடிதம் எழுதுவினம்?

நீங்கள் ரெண்டு பேரும் நூறு வருசம் நல்லாய் இருக்க வேணும். வெயிலுக்கை திரியாதை, இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காய்ப் போடு. எமிலுக்காக எழுதிக் குடுக்கிற கடிதத்துக்கு இண்டைக்குத்தான் கடைசி நாள். பின்னேரம் பேனையை எடுத்தனான்தான். எடுத்து, உனக்கு எழுதினன்.

இப்படிக்கு,
உன்னை நினைச்சபடி இருக்கிற அம்மா,
கமலாம்பிகை