நின்ற நெஞ்சுக்குக் கருமாதி

என்னைப் பெற்ற ஆசை அப்பாவுக்கு,

உன் தம்பி வந்திருக்கிறார். நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருக்கும் இதே மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் படுத்திருக்கிறார். உனக்கு வந்த அதே வியாதி. நெஞ்சிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கிவிட்டது. நாளைக்கு ஆபரேஷன். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் மறைப்பானேன்?

உனக்குச் செய்தபோது அந்த ஆபரேஷன் புதிது. டாக்டர் நம்மிடம் எவ்வளவு பொறுமையாகச் சொன்னார்! குழாயை மாற்றும்போது மூளைக்கு ரத்தம் போகாது. அதனால் உடம்பைக் குளிரவைத்து, தலையைச் சுற்றி ஐஸ் அடுக்கி, இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்துவோம். குளிர்ந்த மூளை அதுவரை தாங்கும் என்றார். சித்தப்பா காதில் நெஞ்சை நிறுத்துவதும் ஐஸும் மட்டும்தான் விழுந்தன. நம் மலை ஊரில் ஐஸ் ஏது? கீழே ஒடுகத்தூரில் பிணத்துக்கு வைத்துத்தான் அவர் பார்த்திருக்கிறார். உன்னை உள்ளே கொண்டுபோனதும் பஸ் ஏறிவிட்டார்.

"எங்கண்ணன் பூட்டாரு. ஐஸ்ல போட்டுக்கினாங்க, பொணத்தக் குடுக்க மாட்டாங்க" என்று ஊரில் போய் அழுதார். ஊரும் புல்லில் உருவம் செய்து புதைத்துக் கருமாதியை முடித்துவிட்டது. அதுவரை அறியாமைதான். நான் மன்னித்திருப்பேன்.

தையல் ஆறி நாம் திரும்பியபோது எல்லையிலேயே ஊர்க்கவுண்டர் மறித்தார். கருமாதி முடிந்தவன் உள்ளே வந்தால் ஊருக்கு ஆகாதாம். நீ சித்தப்பாவைக் கூப்பிட்டாய்.

"டேய், என் நெஞ்சத் தொட்டுப் பாருடா. அடிக்குதா இல்லயா?"

அவர் தொட்டார். தொட்டுவிட்டு ஊர்க்கவுண்டரைப் பார்த்துச் சொன்னார்: "நின்னுபோன நெஞ்சு மறுக்கா அடிச்சா அது எங்கண்ணன் இல்லீங்க. வேற இன்னாவோ உள்ள பூந்துக்கினு வந்துருக்குது."

உன் சாமைக் கொல்லையும் புளிய மரங்களும் அன்றோடு அவருடையவை. நீ ஒடுகத்தூரில், வேர்க்கடலை மண்டியில் சாக்கு தைத்தே காலத்தைத் தள்ளினாய். அங்கேயே ஒரு வாடகை அறையில் நீ செத்தபோது சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். "ஒருத்தருக்கு எத்தினி வாட்டி கருமாதி?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். அதை எப்படியப்பா மறப்பது?

இன்று காலை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கண்ணு, நீ கீறன்ற தைரியத்துலதான் வந்தேன். என்னக் காப்பாத்தும்மா."

"கவலப்படாதீங்க சித்தப்பா. நான் கூடவே இருப்பேன்" என்றேன். அது பொய்யில்லை.

நாளை அவர் தலையைச் சுற்றி ஐஸ் அடுக்கப்போவது நான்தான். நெற்றி, காதோரப் பொட்டு, பிடரி, ஓர் இடம் விடமாட்டேன். அவர் மூளையில் கடுகளவும் கெடக் கூடாது. உன் நெஞ்சைத் தொட்ட கையும், அப்போது சொன்ன சொல்லும் அவருக்கு அப்படியே நினைவிருக்க வேண்டும்.

பிழைத்து எழுந்ததும் நானே கூட்டிப்போவேன். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறக்கி, நடத்திக் கூட்டிப்போய், நீ நின்ற அதே எல்லையில் நிறுத்துவேன். ஊர்க்கவுண்டரிடம் சொல்வேன்: "இவரு நெஞ்சயும் நிறுத்தித்தாங்க ஓட வெச்சோம். நானே கண்ணால பாத்தேன். கருமாதிக்கு நாள் பாருங்க." இது சத்தியம் அப்பா.

இப்படிக்கு,
உன்னை ஒரே ஒரு முறை மட்டும் சாகக் கொடுத்த மகள்,
சின்னப்பொண்ணு